நர்ஸா, வாலண்டியரா, குரூப்பா, சொந்தக்காரங்களா? தனியா திணறுற அம்மாவுக்கு யாரைத் துணைக்கு சேர்க்கறது

"எங்க டீம்ல நாலே பேருதான். வீடு வீடா போறதா, வாரம் ஒரு அம்மாக்கள் குரூப் நடத்துறதா, இல்ல அவங்க அக்கா தங்கச்சிகிட்டயே பேசி சேர்த்து வைக்கிறதா? எல்லாத்தையும் செய்ய எங்களால முடியாது." அம்மாக்களுக்கு உதவற சின்ன அமைப்புகள்ல இருக்கறவங்ககிட்டேருந்து இந்தக் கேள்வி எனக்கு திரும்பத் திரும்ப வருது. இவங்க பேசுற அம்மாக்கள் யாருன்னா, குழந்தையை அடிச்சுடுவோமோன்னு தனக்கே பயமா இருக்கறவங்க, ஏற்கெனவே ஒரு தடவை கை மீறிப் போனவங்க, இல்லன்னா மனசு மரத்துப்போய் குழந்தை பசியில அழறது காதுல விழுந்தும் எழுந்திருக்க முடியாம படுத்தே கிடக்கறவங்க. இவங்களை கெட்ட அம்மான்னு ஒரு வார்த்தையில ஒதுக்கறவங்க இதுக்கு மேல படிக்க வேண்டாம், உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு கேஸை தனியா எடுத்து வச்சிடணும். குழந்தைக்கு இப்பவே காயம் இருக்கு, இல்ல இன்னைக்கு ராத்திரியே ஆபத்துன்னா ஆதரவு வட்டம், குரூப்னு யோசிச்சுட்டு இருக்கக்கூடாது, டாக்டரும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளும்தான் முதல்ல. அதே மாதிரி அந்த வீட்ல அம்மாவையே ஒருத்தன் அடிச்சுட்டு இருந்தா, அதைத் தொடாம பக்கத்துல எத்தனை பேரைச் சேர்த்தாலும் நிக்காது. இது என் கருத்து மட்டும் இல்ல, ஆதாரம் நர்ஸ் பகுதியில வருது.

## எதை வச்சு அளக்கறது

நான் முதல்ல பார்க்கறது ஒண்ணே ஒண்ணு: அந்த ஆள் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் அம்மாவுக்கு மனசு லேசாச்சா, கனமாச்சா? கேட்க சின்ன விஷயமா தெரியும். ஆனா 1980ல அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வாலர் ஒரு ஆய்வு வெளியிட்டாரு. யார் கூடவும் பெருசா ஒட்டு இல்லாத, ஏழ்மையில இருக்கற அம்மாக்கள் ஒவ்வொரு நாளும் யார்கிட்ட பேசினாங்க, அன்னைக்கு குழந்தைகிட்ட எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு பார்த்தாங்க. தோழி யாரோடயாவது நல்லா பேசின நாள்ல குழந்தை மேல எரிஞ்சு விழறது குறைஞ்சது. ஆனா இந்த அம்மாக்களுக்கு தோழிங்களே கம்மி, வந்து போனவங்கள்ல முக்கால்வாசி சொந்தக்காரங்களும் உதவி நிறுவன ஆளுங்களும்தான், அந்தப் பேச்சு பல நேரம் குத்தம் சொல்றதாவும் உத்தரவு போடறதாவும் இருந்துச்சு. ஆக அவங்களைச் சுத்தி ஆளே இல்லன்னு சொல்லிட முடியாது. ஆள் இருந்தாங்க, ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு சுமையை இறக்கி வச்சுட்டுப் போனாங்க.

ரெண்டாவது, எந்த உதவி குறையுது? குழந்தையை ரெண்டு மணி நேரம் வாங்கிக்க ஒரு கை வேணுமா, குறுக்க பேசாம கேட்க ஒரு காது வேணுமா, காய்ச்சல்னா என்ன செய்யணும்னு சொல்ல விஷயம் தெரிஞ்ச ஆள் வேணுமா? கை கேக்கறவங்களுக்கு அறிவுரை கொடுத்தா அது உதவி இல்ல, தண்டனை.

மூணாவது, எந்த நேரத்துல கிடைக்கும்? பச்சக்குழந்தையோட அழுகை பொதுவா 6லேருந்து 8 வாரத்துல உச்சத்துக்குப் போகும், அதுவும் சாயங்காலமும் ராத்திரியும்தான் அதிகம். ஆபீஸ் நேரத்துல மட்டும் கிடைக்கிற உதவி அந்த நேரத்துக்கு ஆகாது.

இது போக எவ்வளவு நாள் நிக்கும், அந்த அம்மாவும் பதிலுக்கு எதையாவது கொடுக்க முடியுமா (வாங்கிட்டே இருக்கறது யாருக்கும் கூச்சம்தான்), குழந்தைக்கு ஏதாவது நடந்தா யார் கண்ணுலயாவது படுமா. இந்த மூணையும் சேர்த்துக்கோங்க.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு:

| வழி | எங்க நல்லா வேலை செய்யும் | வெளிய தெரியாத செலவு |
|---|---|---|
| சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் | ராத்திரி பகல் பார்க்காம கை வேணும்போது | குத்தம், கடன் உணர்வு, பழைய பகை |
| வீட்டுக்கு வர்ற நர்ஸ் | முதல் குழந்தை, கர்ப்பத்துலேயே ஆரம்பிச்சா | காசு, ஆள் மாறுறது, "வேவு பாக்கறாங்க" பயம் |
| வாலண்டியர் தோழி | தனிமைதான் பெரிய பிரச்சனைன்னா | சூப்பர்வைசர் வேலை, பிரியும்போது வர்ற காயம் |
| அம்மாக்கள் குரூப் | "நான் மட்டும்தான் இப்படி"ன்னு வெட்கம் இருந்தா | வர முடியாதவங்களே அதிகம் கஷ்டப்படறவங்க |
| போன் துணை | வெளிய வர முடியாதவங்களுக்கு | குழந்தையை யாரும் கண்ணால பார்க்கறது இல்ல |

## சொந்தக்காரங்க, அக்கம்பக்கம்

எல்லாரும் முதல்ல சொல்றது இதைத்தான், காசே இல்லாத வழின்னு. காசு இல்லதான், ஆனா இலவசம் இல்ல. குழந்தையை ஒரு மணி நேரம் வச்சுக்கிட்ட நாத்தனார் அதை ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவாங்க. தன்னோட சின்ன வயசுல அடிபட்டு வளர்ந்த பொண்ணுக்கு, அந்த அம்மாவையே உதவிக்கு கூப்பிடுன்னு சொல்றோமே, அது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்மள்ல பல பேர் யோசிக்கறது இல்ல. நானும் ஒரு காலத்துல யோசிக்காம "அம்மாவைக் கூப்பிடுங்களேன்"னு சொல்லிட்டு, எதிர்ல இருந்தவங்க முகம் மாறுனதைப் பார்த்துதான் வாயை மூடக் கத்துக்கிட்டேன்.

ஆனா நல்ல சொந்தம் ஒண்ணு இருந்துட்டா அதுக்கு ஈடா வேற எதுவும் இல்ல. ராத்திரி 2 மணிக்கு கதவைத் தட்டலாம், திட்டம் முடிஞ்சுபோச்சுன்னு யாரும் கிளம்பிப் போக மாட்டாங்க. அதனால மொத்தக் குடும்பத்தையும் உட்கார வச்சு பஞ்சாயத்து பண்ணாதீங்க. ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிங்க. "யார் வந்தா உங்களுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணி வைக்கணும்னு தோணாது?"ன்னு நான் கேப்பேன், பெரும்பாலும் அந்த பதில்ல வர்ற பேருதான் சரியான ஆளு, அது பல நேரம் அத்தை மாமியா இருக்காது, ஒரு சித்தி பொண்ணோ பழைய பக்கத்து வீட்டுக்காரங்களோ இருப்பாங்க.

அக்கம்பக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 1980லேயே ஜேம்ஸ் கார்பரினோவும் டெபோரா ஷெர்மனும் வருமானத்துல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த ரெண்டு குடியிருப்புகளை ஒப்பிட்டாங்க. ஒண்ணுல குழந்தைக் கொடுமை புகார் அதிகம், இன்னொண்ணுல கம்மி. அதிகமா இருந்த இடத்துல அம்மாக்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் நம்பி உதவி கேக்கற பழக்கமே குறைவா இருந்துச்சு. அப்படிப்பட்ட இடத்துல "பக்கத்து வீட்ல கேளுங்க"ன்னு சொல்றது வெறும் பேச்சு, அங்க முதல்ல நம்பிக்கையை உருவாக்கவே ஒருத்தர் நேரம் போட்டு உழைக்கணும்.

## வீட்டுக்கு வர்ற நர்ஸ்

ஆதாரம்னு பார்த்தா இதுதான் முன்னால நிக்குது. டேவிட் ஓல்ட்ஸ்ங்கறவர் 1970கள் கடைசியில நியூயார்க் மாநிலத்துல எல்மைராங்கற ஊர்ல ஆரம்பிச்ச சோதனை இது. முதல் குழந்தையைச் சுமக்கற 400 பெண்கள், பாதிக்கு மேல ரொம்ப சின்ன வயசுக்காரங்களோ துணை இல்லாதவங்களோ வசதி இல்லாதவங்களோதான். கர்ப்ப காலத்துல சராசரியா 9 தடவை, அப்புறம் குழந்தைக்கு 2 வயசு ஆகற வரைக்கும் 23 தடவை நர்ஸ் வீட்டுக்குப் போனாங்க. 15 வருஷம் கழிச்சு கணக்கு பார்த்தா, நர்ஸ் வராத வீடுகள்ல தாய்க்கு சராசரி 0.54 கொடுமை அல்லது புறக்கணிப்பு புகார், ரெண்டு வயசு வரைக்கும் நர்ஸ் வந்த வீடுகள்ல 0.29. கிட்டத்தட்ட பாதி.

இதைப் பார்த்துட்டு உடனே நர்ஸ் வேலைக்கு விளம்பரம் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். அதே ஆய்வை 2000ல திரும்ப அலசினப்போ, கணவன் அல்லது துணைவன் கையால அடி அதிகமா வாங்கின அம்மாக்கள் வீட்ல இந்த பலன் காணாமலே போயிருந்தது. மேல சொன்ன ஆதாரம் இதுதான். நர்ஸ் தாய்ப்பாலைப் பத்தியும் தூக்கத்தைப் பத்தியும் எவ்வளவு அழகா பேசினாலும், ஹால்ல உட்கார்ந்திருக்கற ஆளுக்கு பயந்து அந்தப் பொண்ணு வாயே திறக்கலன்னா என்ன ஆகும்? தனியா இருக்கும்போதுதான் கேக்கணும், அவன் கேக்கற தூரத்துல கேட்டா அவளுக்குத்தான் ஆபத்து.

அடுத்தது, எல்லா வீட்டு வருகையும் எல்மைரா ஆகிடாது. ஹவாய்ல நர்ஸுக்கு பதிலா டிரெய்னிங் கொடுத்த சாதாரண பணியாளர்களை வச்சு பெரிய அளவுல ஒரு திட்டம் நடந்துச்சு, பேர் ஹெல்தி ஸ்டார்ட். நல்லா ஆராய்ஞ்சு பார்த்தப்போ குழந்தைக் கொடுமை பெருசா குறையல. வீட்ல இருந்த அடிதடி, மன அழுத்தம், போதை இதையெல்லாம் வந்தவங்க பல நேரம் கவனிக்கவே இல்ல, கவனிச்சாலும் சரியான இடத்துக்கு அனுப்பல. ஆள் போறது மட்டும் போதாதுன்னு அங்க நல்லா தெரிஞ்சுது.

வெளிய தெரியாத செலவுன்னு பார்த்தா முதல்ல வர்றது பயம். நர்ஸ் கையில பைல் இருக்கும், பேனா இருக்கும், அம்மா மனசுக்குள்ள "புள்ளையைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்களோ". பல இடங்கள்ல குழந்தைக்கு கொடுமை நடக்குதுன்னு சந்தேகம் வந்தாலே நர்ஸ் புகார் கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. அதை மறைச்சு வச்சு தோழி மாதிரி பழகிட்டு அப்புறம் புகார் கொடுத்தா, அந்த அம்மா இனிமே யாரையும் வாசப்படி ஏற விட மாட்டாங்க. முதல் நாளே "இந்த இந்த விஷயம்னா நான் மேல சொல்லியாகணும், மத்ததெல்லாம் நமக்குள்ளதான்"னு சொல்லிடறது நல்லது, சொன்னா விலகிப் போயிடுவாங்கன்னு பயப்படறவங்க உண்டு, என் அனுபவத்துல சொல்லாம விட்டதாலதான் அதிகம் பேர் போனாங்க. இன்னொரு செலவு ஆள் மாற்றம். ஓல்ட்ஸ் திட்டத்துல ஒரு நர்ஸுக்கு சுமார் 25 குடும்பம்னு கணக்கு, உங்க பட்ஜெட்ல அதை 60 ஆக்கினா நர்ஸ் ஓடிடுவாங்க, புதுசா வர்றவங்ககிட்ட அந்த அம்மா தன் கதையை மறுபடி முதல்லேருந்து சொல்லணும்.

முதல் குழந்தை, கர்ப்பத்துலேயே தொடர்பு கிடைச்சிருக்கு, ரெண்டு வருஷத்துக்கு பணம் உறுதியா இருக்கு. இந்த மூணும் இருந்தா யோசிக்காம நர்ஸ். மூணுல எது இல்லன்னாலும் கீழ படிங்க.

## வாலண்டியர் தோழி

பிள்ளை வளர்த்த அனுபவம் இருக்கற ஒரு பெண் வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மணி நேரம் வந்து கூட இருக்கறது. இங்கிலாந்துல லெஸ்டர்ல 1973ல மார்கரெட் ஹாரிசன் ஆரம்பிச்ச ஹோம் ஸ்டார்ட் இப்படித்தான், அதுக்கப்புறம் பல நாட்டுக்குப் போச்சு. துணி மடிக்கறது, பெரிய குழந்தையை பூங்காவுக்கு கூட்டிட்டுப் போறது, ஆஸ்பத்திரிக்கு துணைக்கு போறது. பைலும் கிடையாது, பேனாவும் கிடையாது. வாலர் சொன்ன அந்த "தோழியோட பேசின நாள்" செயற்கையா உண்டாக்கப் பார்க்கற முயற்சின்னு இதைச் சொல்லலாம்.

உண்மையைச் சொல்லணும்னா, ஹோம் ஸ்டார்ட்டை இங்கிலாந்துல ஒப்பீட்டுக் குழு வச்சு ஆராய்ஞ்சப்போ அம்மாக்கள் மனசார பாராட்டினாங்க, ஆனா மன அழுத்தம் மாதிரி அளவுகள்ல உதவி கிடைச்சவங்களுக்கும் கிடைக்காதவங்களுக்கும் தெளிவான வித்தியாசம் வரல. இதை மறைச்சு வச்சு நிதி கேக்கறவங்க இருக்காங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, வாரம் ரெண்டு மணி நேரம்ங்கறது மூச்சு வாங்கறதுக்கு சரி, ஆழமான டிப்ரஷனுக்கு அது மருந்து கிடையாது. அந்த மாதிரி இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுதான் வாலண்டியரோட வேலை.

"வாலண்டியர்னா செலவே இல்லையே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. ஆளைத் தேர்ந்தெடுக்கறது, பின்னணி விசாரிக்கறது (குழந்தை இருக்கற வீடு, இதுல சமரசமே கூடாது), டிரெய்னிங், மாசம் ரெண்டு தடவையாவது உட்கார வச்சு பேசறது, நடுவுல நின்னு போறவங்களுக்கு மாற்று. இதுக்கு சம்பளத்துல ஒரு ஒருங்கிணைப்பாளர் கண்டிப்பா வேணும். நாங்க அந்த ஆள் இல்லாம ஆரம்பிச்சோம். நல்ல மனசுக்காரம்மா ஒருத்தங்க ரெண்டாவது வாரமே அந்த வீட்டு சமையலறையை மொத்தமா மாத்தி அடுக்கி வச்சுட்டு வந்தாங்க, மூணாவது வாரம் கதவு திறக்கல. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, சொல்லிக் கொடுக்காதது நாங்க.

அப்புறம் பிரியறது. ஆறு மாசம் ஆச்சு, திட்டம் முடிஞ்சுது, டாட்டா. ஏற்கெனவே எல்லாரும் விட்டுட்டுப் போன ஒருத்திக்கு நாமளும் அதையே செய்யறோம். கடைசி ரெண்டு மாசம் வாலண்டியர் வீட்ல உட்காரக்கூடாது, அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போகணும், நூலகம், விளையாட்டு இடம், குரூப்னு வேற ரெண்டு முகமாவது பழக்கம் ஆகணும்.

## அம்மாக்கள் குரூப்

1969-70 வாக்குல கலிபோர்னியால தன் குழந்தையை காயப்படுத்திடுவோமோன்னு பயந்த ஒரு அம்மாவும் லெனர்ட் லீபர்ங்கற சமூகப் பணியாளரும் சேர்ந்து தொடங்கினதுதான் பேரண்ட்ஸ் அனானிமஸ். அடிச்சவங்க அடிச்சதை வாய்விட்டுச் சொல்லி, அதே தப்பு பண்ண இன்னொருத்தர்கிட்ட யோசனை கேக்கற இடம். வெட்கத்தை உடைக்க இதுக்கு மேல ஒரு வழி எனக்குத் தெரியல. "எனக்கும் குழந்தையை ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுடலாம்னு தோணியிருக்கு"ன்னு இன்னொரு அம்மா சாதாரணமா சொல்லும்போது எதிர்ல இருக்கறவங்க தோள் இறங்கறதைக் கண்ணால பார்க்கலாம், எந்த நர்ஸ் சொன்னாலும் அது நடக்காது. இன்னொரு பெரிய நன்மை, இங்க வாங்கறவளும் அவளே கொடுக்கறவளும் அவளே.

குறை என்னன்னா ரொம்ப தேவைப்படறவங்கதான் வர மாட்டாங்க. ரெண்டு குழந்தையைக் கிளப்பி, பஸ் பிடிச்சு, தெரியாத பத்து பேர் முன்னாடி போய் உட்காரணும், டிப்ரஷன்ல இருக்கறவங்களுக்கு குளிக்கறதே மலையா இருக்கும்போது இது எப்படி நடக்கும். வண்டி, குழந்தை பார்த்துக்க ஆள், ஏதாவது சாப்பிட, இந்த மூணுக்கும் காசு ஒதுக்காத குரூப் ஆறாவது வாரம் மூணு பேரோட நிக்கும். அதோட குரூப்ல ஒருத்தர் "நாலு போட்டாத்தான் அடங்கும்"னு பேச ஆரம்பிச்சா மத்தவங்களும் தலையாட்டிடுவாங்க, நடத்துறவருக்கு அதைத் திருப்பத் தெரியணும். ஊர் சின்னதுன்னா ரகசியம் காக்கறதும் கஷ்டம். இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம குரூப் ஆரம்பிக்காதீங்க.

## போன் துணை

இதை நான் முன்னாடி மட்டமா நினைச்சேன். 2009ல கனடாவோட ஒன்டாரியோல சிண்டி லீ டென்னிஸ் குழு வெளியிட்ட சோதனைதான் என் எண்ணத்தை மாத்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரஷன் வர வாய்ப்பு அதிகமா இருந்த 701 பெண்கள். பாதிப் பேருக்கு, முன்னாடி அதே கஷ்டத்தை அனுபவிச்சு மீண்ட ஒரு அம்மா போன்ல துணை, அந்த வாலண்டியர்களுக்கு 4 மணி நேர டிரெய்னிங்தான். 12 வாரத்துல பார்த்தா டிப்ரஷன் அளவு தாண்டினவங்க துணை கிடைச்சவங்கள்ல 14 சதவீதம், கிடைக்காதவங்கள்ல 25 சதவீதம். அளந்தது டிப்ரஷனை, குழந்தைக் கொடுமையை இல்ல, அந்த வித்தியாசத்தை மறந்துடாதீங்க. ஆனாலும் இவ்வளவு கம்மி செலவுல இது சின்ன விஷயம் இல்ல.

வாட்ஸ்அப் குரூப்பை இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க. 80 பேர் இருக்கற குரூப்ல ராத்திரி "இன்னைக்கு ரொம்ப முடியல"ன்னு போட்டா காலையில மூணு பூ, ரெண்டு கும்பிடு வரும். ஒருத்தருக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி இணைக்கறதுதான் வேலை செய்யுது. போன்ல தெரியாதது குழந்தையோட உடம்பு, வீட்டோட நிலைமை, பக்கத்துல நிக்கற ஆளோட முகம். அதனால புறக்கணிப்பு சந்தேகம் இருக்கற வீட்டுக்கு போன் மட்டும்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

போன்ல பேசறவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் மனப்பாடமா இருக்கணும்: அழுகை தாங்க முடியலன்னு அம்மா சொன்னா, குழந்தையைத் தொட்டில்ல மல்லாக்க பத்திரமா படுக்க வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய வந்து சில நிமிஷம் மூச்சு வாங்கச் சொல்லணும். கொஞ்ச நேரம் அழறதால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பிடிச்சு உலுக்கினா மூளையில ரத்தம் கசியும், உயிரே போகலாம்.

## அப்ப நாலு பேர் டீம் என்ன செய்யலாம்

நானா இருந்தா ஒண்ணை மட்டும் எடுக்க மாட்டேன், அஞ்சையும் எடுக்கவும் மாட்டேன். ஜார்ஜியால ஜேம்ஸ் காடின் குழு 1990 வாக்குல, குழந்தையைப் புறக்கணிச்சதா புகார் வந்த குடும்பங்கள்ல தோழமை, வாலண்டியர், அக்கம்பக்கத்து உதவி, குரூப், அடுத்தவங்ககிட்ட பேசிப் பழகற பயிற்சி இதையெல்லாம் ஆளுக்கு ஏத்த மாதிரி கலந்து கொடுத்தாங்க, வழக்கமான சமூகப் பணி மட்டும் கிடைச்சவங்களைவிட இவங்களோட உறவு வட்டமும் பெருசாச்சு, பிள்ளை வளர்ப்பும் தேறிச்சு. அந்தப் பயிற்சியை யாரும் கண்டுக்கறது இல்ல. உதவி கேக்கறதும், கேட்டது கிடைக்கலன்னா சண்டை போடாம விடறதும் பல பேருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம். அது இல்லாம புதுசா எத்தனை உறவு சேர்த்தாலும் மூணு மாசத்துல முறிஞ்சுடும்.

கைக்குழந்தை, வீட்டை விட்டு நகர முடியல, ஆனா குழந்தை நல்லா இருக்குன்னா போன் துணையோட ஆரம்பிச்சு, நாலு மாசத்துல குரூப்புக்கு நகர்த்தலாம். ரெண்டு மூணு சின்னக் குழந்தைங்க, தூக்கமே இல்லன்னா முதல்ல கை, அதாவது வாலண்டியரோ நல்ல சொந்தமோ, பேச்செல்லாம் அப்புறம். ஏற்கெனவே புகார் வந்த குடும்பம்னா வாலண்டியரை மட்டும் தனியா அனுப்பாதீங்க, பின்னால ஒரு சமூகப் பணியாளர் இருந்தே ஆகணும், இல்லன்னா அந்த வாலண்டியர் தலையில தாங்க முடியாத பாரம் ஏறும். அப்பா வீட்ல இருந்தா, அவரால ஆபத்து இல்லன்னா, அவரையும் கணக்குல சேருங்க. பல திட்டத்துல அவரு சோபா மாதிரிதான், இருக்காரு, யாரும் பேசறது இல்ல.

எதை ஆரம்பிச்சாலும் எட்டாவது வாரம் அந்த அம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "போன வாரம் ரொம்ப முடியாமப் போன அந்த ராத்திரி யாருக்கு போன் பண்ணீங்க?" உங்க ஆபீஸ் நம்பரைத் தவிர வேற ஒரு பேராவது வரணும். வரலன்னா வழியை மாத்துங்க, அதே வழியில இன்னும் எட்டு வாரம் போடாதீங்க.